செத்த காலேஜையும் உயிர் காலேஜையும் ஆரம்பிச்ச டாக்டர் பால்ஃபர்

எழும்பூர் மியூசியத்தை ஆரம்பிச்சது யாரு, வண்டலூர் ஜூவுக்கும் அதே ஆள்தான் காரணம்னு சொல்றாங்களே உண்மையான்னு கேட்டிருந்தீங்க. உண்மைதான். ரெண்டுக்கும் ஒரே ஆள்தான், எட்வர்ட் பால்ஃபர், கிழக்கிந்தியக் கம்பெனி பட்டாளத்துல வேலை பார்த்த ஒரு டாக்டர். இவரைப் பத்தி ரெண்டு வரில சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல, பல வருஷமா தேடித்தேடிப் படிச்சிட்டு இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல்ல பேர்லருந்து ஆரம்பிக்கலாம். எங்க ஆயா மியூசியம்னு சொல்லவே மாட்டாங்க, செத்த காலேஜ்னுதான் சொல்வாங்க. ஜூன்னா உயிர் காலேஜ். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல மூர் மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஜூ இருந்த காலத்து மெட்ராஸ்காரங்க எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. செத்ததெல்லாம் ஒரு இடத்துல, உயிரோட இருக்கறதெல்லாம் இன்னொரு இடத்துல, அது சரி, ஆனா ஏன் காலேஜ்? நான் சின்ன வயசுல ஆயாவைக் கேட்டப்ப அவங்களுக்கும் தெரியல. காரணம் என்னன்னா மியூசியம் முதன்முதல்ல ஆரம்பிச்ச இடமே ஒரு காலேஜ்தான், செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் காலேஜ்னு பேரு, இன்னைக்கு நுங்கம்பாக்கத்துல காலேஜ் ரோட்டுல டிபிஐ வளாகம்னு சொல்ற பள்ளிக் கல்வித்துறை ஆபீஸ் இருக்கே அங்க. எல்லிஸ் துரை 1812-ல ஆரம்பிச்ச காலேஜ் அது, வெள்ளைக்கார ஆபீசருங்களுக்குத் தமிழும் தெலுங்கும் சொல்லிக் குடுத்த இடம், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே குடும்பம்னு எல்லிஸ் சொன்னதும் அங்க நடந்த வேலையிலருந்துதான். அந்தக் கட்டடத்து மாடியிலதான் 1851-ல மியூசியம் திறந்துச்சு. காலேஜ்ங்கற பேரு ஜனங்க வாயில ஒட்டிக்கிச்சு, மியூசியம் எழும்பூருக்கு வந்தப்புறமும் கூடவே வந்துடுச்சு.

இப்ப ஆளைப் பத்தி. பால்ஃபர் 1813-ல ஸ்காட்லாந்துல மான்ட்ரோஸ்ங்கற கடற்கரை ஊர்ல பொறந்தவர். அம்மா வழில தாய்மாமா ஜோசப் ஹ்யூம், பிரிட்டிஷ் பார்லிமென்ட்ல சாதாரண ஜனங்க பக்கம் நின்னு பேசறவர்னு பேர் எடுத்த எம்பி. எடின்பரோவுல சர்ஜரி படிச்சு முடிச்சிட்டு 1834-ல கப்பல் ஏறி இந்தியாவுக்கு வர்றார், வயசு 21 கூட முடியல. வர்ற வழியில மொரீஷியஸ்ல கப்பல் நின்னுச்சு. மரமெல்லாம் வெட்டி கரும்பு போட்ட தீவு அது, காட்டை அழிச்சா ஓடை வத்திப் போகும்ங்கறதை அந்தத் தீவை வச்சுத்தான் அப்ப பல பேர் பேசிட்டு இருந்தாங்க. அங்க கண்ணால பார்த்தது அவர் மனசுல பதிஞ்சு போச்சு, கடைசி வரைக்கும் அந்த விஷயத்தை அவர் விடவே இல்ல.

இந்தியாவுக்கு வந்து பட்டாளத்து டாக்டரா ஊர் ஊராப் போறார். நிறைய வெள்ளைக்கார டாக்டருங்க மாதிரி கிளப்பு, வேட்டைன்னு காலத்தை ஓட்டல. உருதுவும் பாரசீகமும் நல்லா கத்துக்கிட்டார், அரசாங்கத்துக்கு மொழிபெயர்ப்பு பண்ற அளவுக்கு. தக்காணத்துல சுத்தறப்ப ஊர் ஊரா நாடோடியாத் திரியற ஜாதிங்களைப் பத்தி எழுதினார். சிப்பாய்ங்க எந்த முகாம்ல அதிகமா நோய்ல விழறாங்க, எங்க குறைவா விழறாங்கன்னு கணக்கெடுத்தார், 1849-ல காலரா பத்தி ஒரு புள்ளிவிவரப் புத்தகமே போட்டார். காலரா தண்ணியில பரவற கிருமியால வருதுன்னு யாரும் நிரூபிக்காத காலம் அது. அதனால இவர் பண்ணக்கூடியது ஒண்ணுதான், எந்த இடம், எந்த மாசம், எத்தனை பேர்னு எழுதி வச்சு அதுல ஏதாவது ஒழுங்கு தெரியுதான்னு பார்க்கறது. அவர் வாழ்க்கை பூராவும் இந்தப் பழக்கம்தான். கல்லா இருந்தாலும் மரமா இருந்தாலும் நோயா இருந்தாலும் சேர்த்து வைப்போம், எண்ணுவோம், பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்போம்.

அதே 1849-ல மெட்ராஸ் இலக்கியச் சங்கத்தோட பத்திரிகையில ஒரு கட்டுரை எழுதறார், மரங்களுக்கும் மழைக்கும் ஈரத்துக்கும் என்ன சம்பந்தம்னு. எனக்குக் கேட்டா மியூசியத்தை விட இதுதான் பெரிய வேலைன்னு சொல்வேன். அவர் சொன்னது சுருக்கமா இதுதான்: காட்டை வெட்டினா ஊத்து வத்தும், மண்ணு காயும், ஏரி குளத்துக்குத் தண்ணி வராது, விளைச்சல் போகும், அப்புறம் பஞ்சம், பஞ்சத்துக்குப் பின்னாடியே நோய். ஒரு டாக்டர் நோயைப் பத்தி யோசிச்சு யோசிச்சுப் போய் மரத்துல நிக்கிறார் பாருங்க. இன்னைக்கு விஞ்ஞானம் மரம் இருந்தா மழை வரும்னு அவ்வளவு நேரா சொல்றதில்ல, அது இடத்துக்கு இடம் மாறும், ஆனா மண்ணு ஈரத்தைப் பிடிச்சு வைக்கறதுலயும் வெயில்லயும் மரத்தோட பங்கு என்னன்னு அவர் சொன்னது பெரும்பாலும் நிக்குது. 1856-ல ஹியூ கிளெக்ஹார்னைத் தலைமையா வச்சு மெட்ராஸ் மாகாணத்துல வனத்துறை வந்துச்சு, அவரும் டாக்டர்தான். அந்தத் துறை வர்றதுக்கு முன்னாடி நடந்த பேச்சுல பால்ஃபரோட எழுத்துக்கு நல்ல இடம் இருந்துச்சு. 1876லருந்து 78 வரைக்கும் தாது வருஷப் பஞ்சத்துல லட்சக்கணக்குல ஜனங்க செத்தாங்களே, அதுக்கப்புறம் ரிட்டையர் ஆகி இங்கிலாந்துல உக்கார்ந்திருந்த மனுஷன் திரும்பவும் அதே மர விஷயத்தை எடுத்து எழுதினார். 30 வருஷம் கழிச்சும் அதே கவலை.

சரி, மியூசியம். இலக்கியச் சங்கத்துக்கிட்ட 1100 கல்லு, தாதுப்பொருள் சாம்பிள் கிடந்துச்சு. அதை வச்சு ஒரு மியூசியம் ஆரம்பிக்கலாம்னு 1840-கள்லயே பேச்சு வந்து, லண்டன்லருந்து அனுமதியும் வந்துச்சு. யாரு பார்த்துக்கறதுன்னு வந்தப்ப பால்ஃபர் நான் பார்க்கறேன், சம்பளம் வேணாம்னு சொன்னார். பட்டாள டாக்டர் வேலையும் இன்னும் ரெண்டு மூணு வேலையும் பார்த்துக்கிட்டே இதையும் பார்த்தார். மாகாணம் முழுக்க இருக்கற ஆபீசருங்களுக்கு கடுதாசி போட்டு உங்க ஊர்ல என்ன கல்லு, என்ன மரம், என்ன பூச்சி, என்ன பாம்பு கிடைக்குதோ அனுப்புங்கன்னு கேட்டார். மூட்டை மூட்டையா வந்து குவிஞ்சுது. காலேஜ் மாடி பத்தல, கட்டடமும் நல்ல நிலைமையில இல்ல, 1854 டிசம்பர்ல எழும்பூர்ல பாந்தியன் கட்டடத்துக்கு மாத்தினாங்க. அது வெள்ளைக்காரங்க டான்ஸும் நாடகமும் நடத்தின பழைய மண்டபம், அப்புறம் ஒரு ஆர்மீனிய வியாபாரிகிட்ட இருந்து 1830-ல அரசாங்கம் வாங்கின இடம். பாந்தியன் ரோடுங்கற பேரு அதனாலதான்.

ஒரு விஷயத்தை மறைக்காம சொல்லணும். கம்பெனிக்கு இந்த மியூசியம் எதுக்குன்னா இங்க மண்ணுல என்ன இருக்கு, எதைத் தோண்டி எதை வெட்டி எடுத்து விக்கலாம்னு தெரிஞ்சுக்கறதுக்குத்தான். பால்ஃபரும் அந்த வேலையைச் செஞ்சவர்தான், இரும்புத்தாது பத்தி, மரக்கட்டை பத்தி எல்லாம் ரிப்போர்ட் எழுதினவர், கண்காட்சிக்கு சாமான் திரட்டினவர். ஆனா அவருக்கு அதோட போதும்னு தோணல. ஜனங்க உள்ள வரணும், கூலி வேலை செய்யறவனும் படிக்காதவனும் வந்து பார்க்கணும்னு நினைச்சார். இந்த இடத்துலதான் புலி வருது.

மியூசியத்துல உயிரோட ஒரு புலி கொஞ்ச நாள் இருந்துச்சு. பாடம் பண்ணி பஞ்சு அடைச்சு வச்சிருந்த மிருகத்தைப் பார்க்க வர்றதை விட அதைப் பார்க்கத்தான் கூட்டம் அலைமோதிச்சு. வேற யாராவது இருந்தா மியூசியம்னா படிப்புக்கான இடம், இந்த வேடிக்கையெல்லாம் வேணாம்னு புலியை அனுப்பியிருப்பாங்க. பால்ஃபர் யோசிச்சது வேற மாதிரி, புலியைப் பார்க்க வர்ற ஆள் உள்ள இருக்கற மத்ததையும் பார்த்துட்டுத்தானே போவான், அப்ப இன்னும் மிருகம் வேணும்.

மிருகம் யாருகிட்ட இருந்துச்சு? ஆற்காட்டு நவாப்கிட்ட. சேப்பாக்கம் அரண்மனையில இருந்த நவாப் குலாம் கவுஸ் கான் கிட்ட பெரிய மிருகக்காட்சியே இருந்துச்சு. பால்ஃபர் சேப்பாக்கத்துல அரசாங்க ஏஜென்டா இருந்தவர், நவாப் குடும்பத்துக்கு வர்ற படி, உதவித்தொகை எல்லாம் இவர் கை வழியாப் போகும். நவாப் பாரசீகக் கவிஞர், இவருக்குப் பாரசீகக் கவிதைன்னா உயிர், ஒரு கவிதைத் தொகுப்பே அச்சுல போட்டிருக்கார். ரெண்டு பேருக்கும் பேச விஷயம் இருந்துச்சு. கேட்டார், நவாப் தன்கிட்ட இருந்த மிருகங்களை மொத்தமா மியூசியத்துக்குக் குடுத்துட்டார். 1855-ல பாந்தியன் வளாகத்துக்குள்ளயே ஜூ ஆரம்பிச்சாச்சு, ஒரு வருஷத்துல 300க்கு மேல மிருகம், பறவை, பாம்பு எல்லாம் சேர்ந்துடுச்சு. அதே வருஷம் அக்டோபர்ல நவாப் செத்துப்போனார், 31 வயசுதான். வாரிசு இல்லன்னு சொல்லி கம்பெனி அந்தப் பட்டத்தையே ஒழிச்சிடுச்சு. அதுக்கப்புறம் நவாப் வச்சிட்டுப் போன கடனை விசாரிக்கற கமிஷன்ல பால்ஃபரையே போட்டாங்க, 1858-லருந்து 1861 வரைக்கும். தனக்கு மிருகங்களைக் குடுத்த மனுஷனோட கடன் பத்திரங்களை ஒண்ணொண்ணா எடுத்துப் பார்த்தப்ப இவர் மனசு எப்படி இருந்திருக்கும்னு நான் நிறைய தடவை நினைச்சுப் பார்த்திருக்கேன்.

1860-கள்ல ஜூ பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போச்சு, அதாவது சென்ட்ரல் பக்கம், ஆயா சொன்ன உயிர் காலேஜ். நூறு வருஷத்துக்கு மேல அங்க இருந்து இடம் பத்தாம 1985-ல வண்டலூர்ல அறிஞர் அண்ணா பூங்காவாத் திறந்தாங்க. ஆக நீங்க வண்டலூர்ல பார்க்கற ஜூவோட ஆணிவேர் சேப்பாக்கம் அரண்மனைத் தோட்டத்துல இருக்கு.

இன்னொரு விஷயம், அமராவதி சிற்பங்கள். வால்டர் எலியட்ங்கற கம்பெனி அதிகாரி 1845-ல குண்டூர் பக்கத்துல அந்த பௌத்த ஸ்தூபத்தைத் தோண்டி எடுத்த சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் மெட்ராசுக்கு வந்து வருஷக்கணக்கா வெயில்லயும் மழையிலயும் வெளியில கிடந்துச்சு. பால்ஃபர் பொறுப்புல இருந்தப்பத்தான் அதைப் பத்தி ஒழுங்கா ஒரு பட்டியல், ரிப்போர்ட் எழுத வச்சாங்க, 1858-ல லின்னேயஸ் ட்ரைப்ங்கற ராணுவ கேப்டன் ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்தார். இந்தியாவுல போட்டோ எடுக்கறதே புதுசா இருந்த காலம் அது. அடுத்த வருஷம் 121 கல்லு கப்பல்ல லண்டனுக்குப் போயிடுச்சு, இன்னைக்கு பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. எனக்கு அதுல ஆறாத வருத்தம் உண்டு. ஆனா அப்புறம் நடந்த தோண்டல்கள்ல கிடைச்ச அமராவதி கல்லு எழும்பூர்லயும் ஒரு பெரிய ஹால் நிறைய இருக்கு, போனா அதைப் பார்க்காம வராதீங்க. போதி மரத்துக்கு முன்னாடி குனிஞ்சு கும்பிடற உருவங்களைக் கிட்டப் போய்ப் பாருங்க, முதுகு வளையறது கூட அந்த வெள்ளைக் கல்லுல தெரியும்.

மெட்ராஸ்ல மட்டும் இருந்தா போதாதுன்னு கோயம்புத்தூர், கடலூர், ஊட்டி, பெல்லாரி, மங்களூர், ராஜமுந்திரின்னு வெளியூர்லயும் சின்னச் சின்ன மியூசியம் ஆரம்பிக்க வச்சார். அது நிலைக்கல, செலவு கட்டுப்படியாகலன்னு கொஞ்ச வருஷத்துலயே இழுத்து மூடிட்டாங்க. மாவட்டத் தலைநகர்ல மியூசியம் இருக்கணும்னு நம்ம அரசாங்கம் ஒவ்வொண்ணாத் திறந்தது அதுக்கு ரொம்ப காலம் அப்புறம். மெட்ராஸ் மியூசியத்தை 1859-ல விட்டுட்டார், ஆனா அப்புறம் மைசூர் பக்கம் வேலையா போனப்ப பெங்களூர்லயும் ஒரு மியூசியத்துக்கு வழி பண்ணினார், கப்பன் பார்க்குல செவப்புக் கட்டடத்துல இருக்கே அதுதான்.

அவரோட கலைக்களஞ்சியத்தைப் பத்தி சொல்லாம விட முடியாது. இந்தியா, கிழக்கு தெற்கு ஆசியா பத்தின எல்லாத்தையும் அகரவரிசையில ஒரே இடத்துல சேர்த்து 1857-ல முதல் பதிப்பு போட்டார், 1870-கள் ஆரம்பத்துல அஞ்சு வால்யூமா ரெண்டாம் பதிப்பு, 1885-ல மூணு கனமான வால்யூமா மூணாம் பதிப்பு. மியூசியத்துக்கு வந்த ஒவ்வொரு சாமானுக்கும் சீட்டு எழுதி எழுதித்தான் இந்தப் புத்தகமே வளர்ந்திருக்கணும்னு எனக்குத் தோணும், ஏன்னா படிச்சா அப்படித்தான் இருக்கு. ஒரு மரத்தை எடுத்தீங்கன்னா அதுக்குத் தமிழ்ல என்ன, தெலுங்குல என்ன, பர்மாவுல என்னன்னு பேருங்க வரிசையா இருக்கும், கட்டை எதுக்கு ஆகும், வண்டிக்கா, படகுக்கா, பிசின் எதுக்கு, பட்டை எதுக்குன்னு போகும். தமிழ்ப் பேரையெல்லாம் இங்கிலீஷ் எழுத்துல காதுக்குக் கேட்ட மாதிரி எழுதியிருப்பார், வாய்விட்டுப் படிச்சாத்தான் அட இது நம்ம வேம்பு, இது நம்ம ஆச்சான்னு பிடிபடும். ஒரு ராத்திரி நான் அப்படி வாய்விட்டுப் படிச்சிட்டே உக்கார்ந்திருந்தேன், இந்தப் பேரை அவருக்குச் சொன்னது யாரோ ஒரு மரவெட்டி, ஒரு ஆசாரி, ஒரு மருந்துக்கடைக்காரர்தானே, அவங்க குரல் எழுத்துல மாட்டிக்கிட்டு 170 வருஷம் கழிச்சு என் வாயில வருதேன்னு உடம்பு சிலிர்த்துப் போச்சு. அவங்க பேரு எதுவும் புத்தகத்துல இல்லங்கறதையும் சேர்த்தே சொல்றேன்.

1850-ல திருவல்லிக்கேணில முகமதியர் பொது நூலகம் வர்றதுக்கும் இவருக்குப் பங்கு உண்டு. ஆனா மியூசியம், ஜூ, மரம், புத்தகம் எல்லாத்தையும் தாண்டி இன்னொண்ணு இருக்கு, அதை யாருமே மியூசியத்தோட சேர்த்துப் பேசறதில்ல.

1871-ல மெட்ராஸ் மாகாணத்து மருத்துவத் துறைக்கே தலைவரானார், சர்ஜன் ஜெனரல். அந்தக் காலத்துல பர்தாவுல இருக்கற முஸ்லிம் பொம்பளைங்களும் மேல்ஜாதி இந்து வீட்டுப் பொம்பளைங்களும் ஆம்பளை டாக்டர்கிட்ட உடம்பைக் காட்ட மாட்டாங்க, பிரசவத்துல சிக்கல்னா செத்தே போவாங்க. பால்ஃபர் அதைப் பல வருஷமாப் பார்த்தவர். சேப்பாக்கத்துல நவாப் குடும்பத்துக்குப் பக்கத்துலயே வேலை பார்த்தவருக்கு அந்தத் திரைக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு கண்டிப்பாத் தெரிஞ்சிருக்கும். பொம்பளைங்களையே டாக்டராக்கணும், வேற வழி இல்லன்னு அரசாங்கத்துக்கு விடாம எழுதினார். 1875-ல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல நாலு பொம்பளைங்களைச் சேர்த்தாங்க. உலகத்துல பெரிய பெரிய மருத்துவக் காலேஜெல்லாம் கதவைச் சாத்தி வச்சிருந்த காலம் அது, எடின்பரோவுலயே, அதாவது இவர் படிச்ச ஊர்லயே, பொம்பளைங்களை உள்ள விடக் கூடாதுன்னு கலாட்டா நடந்து அஞ்சு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. அந்த நாலு பேர்ல ஒருத்தங்க மேரி ஷார்லீப், மெட்ராஸ்ல வக்கீலா இருந்த ஒருத்தரோட மனைவி. அவங்க இங்க படிச்சு, அப்புறம் லண்டன்ல மேல படிச்சு, திரும்பி வந்து 1885-ல பொம்பளைங்களுக்குன்னே ஒரு ஆஸ்பத்திரி ஆரம்பிச்சாங்க.

பால்ஃபர் 1876-ல ரிட்டையர் ஆகி ஊருக்குப் போறப்ப இந்து, முஸ்லிம், ஐரோப்பியர்னு எல்லாரும் சேர்ந்து பொதுவுல வழியனுப்பு மடல் குடுத்தாங்க, அவர் படத்தை மியூசியத்துல வச்சாங்க. 1889 டிசம்பர்ல லண்டன்ல செத்துப்போனார். ரெண்டு வருஷம் கழிச்சு மெட்ராஸ் யுனிவர்சிட்டில அவர் ஞாபகமா ஒரு தங்க மெடல் ஏற்படுத்தினாங்க, பொம்பளைங்க டாக்டருக்குப் படிக்கறதை ஊக்கப்படுத்தறதுக்காக.

ஷார்லீப் ஆரம்பிச்ச அந்த ஆஸ்பத்திரி இன்னும் இருக்கு, திருவல்லிக்கேணில, கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரின்னு. ஆயா அதுக்கும் அந்தப் பேரைச் சொல்ல மாட்டாங்க, கோஷா ஆஸ்பத்திரின்னுதான் சொல்வாங்க, கோஷான்னா பர்தா. எங்க அம்மா பொறந்தது அங்கதான்.